"காணிப் பிரச்சினை – 5": வன்னியில் மக்கள் உரையாடல் நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிராமத்தின் குரலைக் கொழும்பின் கொள்கை மேசைக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற நல்ல மனதோடு நிறைய இளையவர்கள் இப்போது வட இலங்கையின் வன்னிக்குள் இறங்குகிறார்கள். அவர்கள் வைக்கும் கூட்டங்களைப் பார்க்கும்போது, 2010 அளவில் இதே மண்டபங்களில் நடந்த பிழைகள் அப்படியே திரும்ப நடப்பது தெரிகிறது. பிந்தி வருவது, ஒலிவாங்கி வேலை செய்யாமல் போவது, தேநீர் காணாமல் போவதெல்லாம் இரண்டு கூட்டத்தில் தானாகத் திருந்திவிடும். திருந்தாமல் தொடர்பவை வேறு.

முன்பே சொன்னதை முதல் தடவைபோலக் கேட்பது

சொல்லிச் சொல்லிக் களைத்த மக்கள் இவர்கள். 2010 இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013 இல் காணாமற்போனோர் பற்றி விசாரிக்க அமைக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழு, 2016 இல் அரசியலமைப்புச் சீர்திருத்தத்துக்கு மக்கள் கருத்துக் கேட்ட குழு, அதே ஆண்டில் நல்லிணக்கப் பொறிமுறைகள் தொடர்பான கலந்தாலோசனைச் செயலணி. அந்தச் செயலணிக்கு மட்டும் நாடு முழுவதிலுமிருந்து 7,306 சமர்ப்பணங்கள் கிடைத்தன. அதன் அறிக்கை 2017 ஜனவரி 3 இல் கையளிக்கப்பட்டது.

இவ்வளவுக்கும் பிறகு "உங்கட பிரச்சினைகளைச் சொல்லுங்கோ" என்று தொடங்கினால், முன்வரிசையில் இருக்கும் அம்மா "இதைத்தானே தம்பி போனமுறை வந்தவையும் கேட்டவை" என்பார். அதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். போவதற்கு முன் அந்த அறிக்கைகளில் உங்கள் மாவட்டம் பற்றிய பகுதிகளை வாசியுங்கள். தமிழில் இரண்டு பக்கத்துக்குச் சுருக்குங்கள். கூட்டத்தின் முதல் பத்து நிமிடம் அதை வாசித்துக் காட்டுங்கள்: இன்னது கேட்டீர்கள், இன்னது நடந்தது, இன்னது நடக்கவில்லை. பிறகு ஒரே கேள்வி: இதில் இன்றைக்கும் அப்படியே இருப்பது எது, மாறியது எது? கதை அங்கிருந்துதான் தொடங்கும்.

நாள் பார்க்காமல் நாள் வைப்பது

காலபோக நெல் அறுவடை நடக்கும் தை, மாசியில் கூட்டம் வைத்தால் சங்கத் தலைவரும் செயலாளரும் மட்டும் வருவார்கள். கரையோரத்தில் கடலுக்குப் போய்வரும் நேரம் ஊருக்கு ஊர் வேறு. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டுவிட்டு நேரம் குறியுங்கள். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஆகஸ்ட் 15 ஐ ஒட்டி மடு மாதா திருவிழா, நவம்பர் 27 மாவீரர் நாள்: இவற்றின் பக்கமே போகாதீர்கள். நாட்கூலிக்குப் போகிறவருக்கு அரைநாள் கூட்டம் என்றால் அரைநாள் சம்பளம் போய்விட்டது என்று பொருள். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். கடைசி பஸ் எப்போது என்பதை முதலில் கேளுங்கள்.

ஐந்து காணிக்கதையையும் ஒரே சொல்லில் எழுதிவிடுவது

இத்தனை வருடத்துக்குப் பிறகும் எரிச்சலூட்டும் பிழை இது.

மண்டபத்தில் ஐந்து பேர் எழும்புகிறார்கள். முதலாமவரின் தகப்பன் விதைத்த வயலில் வனத் திணைக்களம் எல்லைக்கல் நட்டிருக்கிறது. இரண்டாமவரின் பேர்மிற் (அரச காணிக்கான அனுமதிப்பத்திரம்) இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. மூன்றாமவரின் காணியில் இன்னும் படைமுகாம். நான்காமவரிடம் பேர்மிற் இருக்கிறது, ஆனால் அது காணாமலாக்கப்பட்ட கணவனின் பெயரில். ஐந்தாமவரின் குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறியது; இருப்பது வேறொருவரின் உறுதிக் காணியில் (பத்திரமுள்ள தனியார் காணி). குறிப்பெடுப்பவர் எழுதுகிறார்: "காணிப் பிரச்சினை – 5."

அந்த வரி கொழும்புக்குப் போனால் அதை வைத்து எந்த அதிகாரியாலும் எதுவும் செய்ய முடியாது. "உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது" என்று இன்னொரு கடிதம் வரும், அவ்வளவுதான். ஏனென்றால் இந்த ஐந்தும் ஐந்து வாசலில் தட்ட வேண்டிய விடயங்கள். எல்லைக்கல் வனத் திணைக்களத்தின் வர்த்தமானியில் இருந்து வருகிறது. யுத்த காலத்தில் கைவிடப்பட்டுப் பற்றையும் மரமும் மண்டிய வயல்கள் காடாகவே வரைபடத்தில் ஏறிவிட்டன. அதைத் திருத்துவது அமைச்சு மட்டத்து வேலை. தொலைந்த பேர்மிற் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது; பிரதேச செயலகப் பதிவேட்டையும் காணிக் கச்சேரியையும் (பிரதேச செயலகத்தின் காணி விசாரணை) வைத்து அங்கேயே தீர்க்கக்கூடியது. முகாம் பாதுகாப்பு அமைச்சின் கையில். கணவனின் பெயரிலுள்ள பேர்மிற்றுக்கு, 2016 இல் சட்டமாக்கப்பட்ட காணாமற்போனமைக்கான சான்றிதழை ஏற்றுப் பின்னுரித்தை (அடுத்து யாருக்குச் சேரும் என்பதை) மாற்ற வேண்டும் என்ற தெளிவான பணிப்புத் தேவை. ஐந்தாவது கதையில் உறுதிக்காரருக்கும் உரிமை உண்டு, நாற்பது வருடம் பாடுபட்டவருக்கும் உரிமை உண்டு.

இந்த ஐந்தாவதில் சட்டத்தின் நுணுக்கமும் தெரிந்திருக்க வேண்டும். நீண்டகாலம் இருந்ததை வைத்தே ஒருவர் காணிக்கு உரிமை கோருவதுதான் ஆட்சியுரிமை. 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க ஆட்சியுரிமை பற்றிய விசேட ஏற்பாட்டுச் சட்டம், யுத்தத்தால் தன் காணிக்குப் போகமுடியாமல் இருந்தவருக்கு எதிராக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றது. ஆனால் அதன் கீழ் வழக்குப் போட இரண்டு வருட அவகாசமே இருந்தது. அந்த அவகாசம் முடிந்தது தெரியாமல் "வழக்குப் போடலாம் ஐயா" என்று மேடையில் சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு. அடுத்த முறை அந்த ஊருக்குப் போகிறவரின் முகத்தையும் சனம் பார்க்காது.

ஆகவே ஒரு காணிக்கு ஒரு துண்டு. அரை ஏ4 தாள் போதும். அதில் எட்டு விடயம்: கிராம சேவகர் பிரிவு; எத்தனை ஏக்கர்; வயலா மேட்டுக்காணியா; முதன்முதலில் எந்த ஆண்டு, யார் துப்புரவாக்கியது; பேர்மிற், அளிப்பு, உறுதி, ஒன்றுமில்லை என்பவற்றில் எது; எந்த ஆண்டு இடம்பெயர்ந்து எந்த ஆண்டு திரும்பினார்கள்; இப்போது தடுப்பது எந்தத் திணைக்களம் அல்லது யார், அது எழுத்திலா, வாயாலா, எல்லைக்கல்லாலா; இதுவரை எங்கே முறையிட்டார், என்ன பதில். பேர்மிற் இல்லாதவரிடம் பழைய கூப்பன் மட்டை, வாக்காளர் இடாப்பு, பசளை மானியப் பற்றுச்சீட்டு, பிள்ளையின் பாடசாலை அனுமதிப் பதிவு ஏதும் உண்டா என்று கேளுங்கள். ஒருவருக்கு எட்டு நிமிடம் பிடிக்கும். மூன்று பேர் எழுதினால் இருபத்தைந்து துண்டை எழுபத்தைந்து நிமிடத்துக்குள் முடிக்கலாம். மூலப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு போகவே கூடாது. இலக்கத்தை மட்டும் குறித்துவிட்டு அவர் கையிலேயே கொடுங்கள்.

பிறகு துண்டுகளை நான்கு கட்டாகப் பிரியுங்கள்: பிரதேச செயலகத்தில் தீர்வது, சுற்றறிக்கையால் தீர்வது, வர்த்தமானியைத் திருத்தினால் தீர்வது, பாராளுமன்றம் சட்டம் மாற்றினால் மட்டும் தீர்வது. முதல் கட்டைத் தேசிய அறிக்கைக்குள் திணிக்காதீர்கள். அடுத்த நடமாடும் சேவையில் கொடுத்துவிடுங்கள். தேசியக் கொள்கைக்குரியவை மற்ற மூன்றும்தான். "கிராமத்தில் 25 காணிகளில் 14 இல் தடையாக இருப்பது ஒரே வர்த்தமானி" என்று எழுதமுடிந்தால் அதை யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

இந்தத் துண்டுகள் எதற்கு உதவும் என்பதை 2025 காட்டியது. மார்ச் 28 இல் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த வர்த்தமானியில் முல்லைத்தீவில் 1,703 ஏக்கர், கிளிநொச்சியில் 515, மன்னாரில் 54 இருந்தன. உரிமை கோர மூன்று மாதமே. எதிர்ப்புக்குப் பிறகு ஜூனில் அது மீளப்பெறப்பட்டது. அந்த மூன்று மாதத்தில் வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு அழைத்து, எந்தக் காணி, என்ன பத்திரம் என்று ஒன்றிலிருந்து தேடத் தொடங்கிய குடும்பங்கள் எத்தனை. ஊரில் ஏற்கெனவே எத்தனையோ கூட்டம் நடந்திருந்தது. எழுதி வைத்தது மட்டும் இல்லை.

அடையாள அட்டை இலக்கத்தோடு வரவுத்தாள்

வேண்டாம். அந்தத் தாள் யாருடைய கைக்கெல்லாம் போகும் என்பது வன்னியில் எல்லோருக்கும் தெரியும். எத்தனை பேர், ஆண் பெண், வயதுப் பிரிவு, ஊர்: இவ்வளவு போதும். காணித் துண்டில் பெயர் தேவைப்பட்டால் அவர் சம்மதத்தோடு, தனிக் கோப்பில். முகம் தெரியப் படம் எடுக்காதீர்கள்.

"அக்காமாரும் கதையுங்கோ"

கதைக்க மாட்டினம். தனிக் குழு, பெண் வழிப்படுத்துநர், தனி அறை.

மொழிபெயர்ப்பை இரவோடிரவாக முடிப்பது

"பேர்மிற் இல்லாமல் இருப்பவர்" என்று மக்கள் சொன்னது சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் போகும்போது "அத்துமீறிக் குடியேறியவர்" ஆகிவிடுகிறது. ஒரு சொல்லில் அவர் குற்றவாளியாகிறார். உறுதிக் காணி, பேர்மிற் காணி, மேட்டுக்காணி, வாய்க்கால் கரை போன்ற இருபது, முப்பது சொற்களுக்கு முன்கூட்டியே மும்மொழிப் பட்டியல் செய்து, காணி உத்தியோகத்தர் ஒருவரிடமும் கமக்காரர் அமைப்பிலும் காட்டிச் சரிபாருங்கள்.

அறிக்கையை அனுப்பியதோடு மறைந்துபோவது

மூன்று கிழமைக்குள் அதே மண்டபத்துக்குத் திரும்பிப் போய் வாசித்துக் காட்டுங்கள். திருத்தம் சொல்வார்கள், ஏற்றுக்கொள்ளுங்கள். அனுப்பிய பிறகு அமைச்சு மௌனமாக இருந்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், "இன்ன திகதியில் கிடைத்த சமர்ப்பணத்தின் மீது என்ன குறிப்பு எழுதப்பட்டுள்ளது" என்று கேளுங்கள். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தை ஊரவர் ஒருவரே எழுதட்டும். கொடுத்ததற்கான பற்றுச்சீட்டையும் அறிக்கையின் தமிழ்ப் பிரதியையும் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு ஒன்று, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு ஒன்று என்று இரண்டு அலுமாரியில் வையுங்கள்.