தன்னைப் பற்றி எழுத ஒரு நோட்டு: இடுக்கித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு

‘நானும் என் வளர்ச்சியும்’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தால் முதல் வரியிலேயே ‘ஒழுக்கம் உயிரினும் மேலானது’ வந்து உட்கார்ந்துவிடுகிறது. பின்னாலேயே கடின உழைப்பு, பெற்றோரை மதித்தல், சமுதாயத் தொண்டு. எழுதிய பிள்ளை மூணாற்றில் படிக்கிறதா மதுரையில் படிக்கிறதா என்று அந்தத் தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. எழுத உட்காரும் நேரத்தில் கையில் சரக்கு இல்லாததுதான் காரணம். நடந்ததை அன்றைக்கே குறித்து வைக்காவிட்டால் ஒரு மாதத்தில் பொதுப் பேச்சு மட்டும்தான் மிஞ்சும். அந்தச் சரக்கைச் சேர்த்து வைக்கத்தான் இந்த நோட்டு. கேரளத்து இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைப் பக்கம் எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படிப்பவர்களை நினைத்து எழுதியது. பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பிள்ளைகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

நோட்டும் நேரமும்

தொடங்கக் கோடு போட்ட 200 பக்க நோட்டு ஒன்று போதும், தீர்ந்தால் இன்னொன்று. போனில் எழுத வேண்டாம். வீட்டுக்கு ஒரு போன் என்றால் அது எல்லார் கையிலும் புரளும். பேனா பால்பாயின்டாக இருக்கட்டும். மழைக்காலத்தில் மலையில் தாளே ஈரம் பிடித்திருக்கும்; ஜெல் பேனா மை பரவி, எழுதியதை எழுதியவரே படிக்க முடியாது. வலப்பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். இடப்பக்கம் காலியாகக் கிடக்கட்டும், அதற்கு வேலை பின்னால் வருகிறது.

வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் 15 நிமிடம். தினமும் எழுதுவேன் என்று ஜூனில் சபதம் போட்டால் ஓணப் பரீட்சைக்கு முன்பே அது நின்றுபோகும். விட்டுப்போன நாட்களை நினைத்து மனது உறுத்தும், உறுத்துவதால் நோட்டைத் தொடவே பிடிக்காது. மூன்று நாள் என்று வைத்துக்கொண்டால் ஒன்று தவறினாலும் வாரம் கெடாது.

லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், தனி அறை கிடைக்காது என்பது தெரிந்ததே. அதனால் ஆட்களின் பெயரை எழுதாமல் ஓர் எழுத்தை மட்டும் போடுங்கள். அது அவர்களுடைய சொந்தப் பெயரின் முதலெழுத்தாகவும் இருக்க வேண்டாம். யாராவது எடுத்துப் படித்தாலும் சண்டை மூளாது.

ஒரு பக்கத்துக்கு நான்கு பகுதி

முதலில் நடந்தது, ஐந்தாறு வரி. எங்கே, எப்போது, யார் என்ன சொன்னார்கள். மலையாளத்தில் சொன்னதை மலையாளமாகவே தமிழ் எழுத்தில் எழுதுங்கள், மொழிமாற்ற வேண்டாம். ‘கேவலமாக’, ‘அன்பாக’ போன்ற சொற்களை இந்தப் பகுதிக்குள் விடாதீர்கள். ‘மலையாள வகுப்பில் பாரதம் என்ற சொல்லை, மலையாளத்து அழுத்த ஒலி வராமல், தமிழ்ப் ப போட்டுப் படித்தேன். பின்பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள். டீச்சர், ஒன்னுகூடி வாயிக்கூ என்றார்’ என்பது போதும். (‘இன்னொருமுறை படி’ என்பதுதான் டீச்சர் சொன்னது.)

இரண்டாவது, அப்போது எனக்கு என்ன ஆயிற்று, நான் என்ன செய்தேன். மூன்று வரி. ‘அவமானமாக இருந்தது’ என்பதைவிட ‘காது சூடானது, மீதிப் பத்தியை வேகமாகப் படித்து முடித்தேன்’ என்பது பிறகு படிக்கும்போது அதிகம் சொல்லும்.

மூன்றாவதுதான் கஷ்டமானது: அப்போது கண்ணில் படாதது. ‘சிரித்தவர்களில் க. போன மாதம் தமிழ்ப் போர்டைப் படிக்கத் திணறியபோது நானும்தான் சிரித்தேன்.’ ‘டீச்சர் திருத்தவில்லை, இன்னொரு வாய்ப்புதான் கொடுத்தார்.’ இங்கே பெரும்பாலும் நடக்கும் தவறு, பழியைத் தலையில் போட்டுக்கொள்வது. ‘எல்லாம் என் தப்பு’ என்று எழுதினால் யோசனை அங்கேயே முடிந்துவிடும். தப்பு யாருடையது என்பது இந்தப் பகுதியின் கேள்வி அல்ல. எந்தத் தகவல் விடுபட்டது என்பதே கேள்வி. ஒன்றும் தோன்றாத நாளில் ‘இன்னும் தெரியவில்லை’ என்று எழுதி விட்டுவிடுங்கள்.

நான்காவது, ஒரே ஒரு வரி: ஒரு வாரத்துக்குள் செய்யக்கூடிய ஒரு காரியம், தேதியோடு. ‘இனி நன்றாகப் படிப்பேன்’ ஆகாது; நடந்ததா இல்லையா என்று எவராலும் சொல்ல முடியாது. ‘வெள்ளிக்குள் மூன்றாம் பாடத்தை டீச்சரிடம் ஒருமுறை சத்தமாகப் படித்துக் காட்டுவேன்’ ஆகும்.

மாதக் கடைசி ஞாயிறு அரைமணி நேரம் நோட்டை முதலிலிருந்து படியுங்கள். வேறு நிற மையில் இடப்பக்கத்தில் எழுதுங்கள்: சொன்னதைச் செய்தேனா, இல்லையென்றால் எது தடுத்தது, அன்று எழுதியதில் இப்போது எதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே காரியம் மூன்று முறை நடக்காமல் போயிருந்தால் சோம்பேறி என்று முத்திரை குத்திக்கொள்ள வேண்டாம், காரியத்தைப் பாதியாக வெட்டுங்கள். வளர்ச்சி கண்ணுக்குத் தெரிவது இந்த இடப்பக்கத்தில்தான். சோம்பல்பட்டு இதை விட்டால் நோட்டு வெறும் நாட்குறிப்பாகிவிடும்.

பள்ளியைப் பற்றி

மார்க் வந்த அன்று ‘கணக்கில் சி பிளஸ், வருத்தமாக இருந்தது’ என்று எழுதுவதில் பயனில்லை. திருத்திய தாளை எடுத்து, போன ஒவ்வொரு மார்க்கையும் நான்கு கட்டத்தில் ஒன்றில் போடுங்கள்: தெரியாதது, கேள்வியைத் தவறாகப் படித்தது, நேரம் போதாதது, மொழியால் போனது. நான்காவது கட்டம் நம் பகுதிக்கே உரியது. தமிழில் விடை தெரியும், மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ கேட்டதால் கேள்வி பிடிபடவில்லை என்றால் அது அங்கே போகும். கூட்டிப் பார்த்தால் சில பாடங்களில் ‘எனக்கு மண்டையில் ஏறாது’ என்று நினைத்ததில் பாதி நான்காவது கட்டத்தில் கிடக்கலாம்.

அதற்கு மருந்து நோட்டின் கடைசிப் பத்துப் பக்கம். பக்கத்தை நெடுக்காக மூன்று பத்தியாகப் பிரித்து, தமிழ், மலையாளம், ஆங்கிலம் என்ற வரிசையில், ஒளிச்சேர்க்கை, பிரகாசசம்ஸ்லேஷணம், ஃபோட்டோசிந்தசிஸ் என்று பாடத்துக்கு ஐந்து சொல் சேருங்கள். பத்தாம் வகுப்புவரை தமிழ் மீடியத்தில் படித்து, பிளஸ் ஒன்னில் ஆங்கிலப் புத்தகத்தைத் திறக்கும்போது முதல் இரண்டு மாதத்துக்கு இந்தப் பத்துப் பக்கம் கைகொடுக்கும். பிளஸ் ஒன் தொடங்கியபின் சேர்க்கலாம் என்று தள்ளினால் அப்போது நேரம் இருக்காது.

வீட்டைப் பற்றி

அம்மா தியாகி, அப்பா உழைப்பாளி என்று எல்லாரும் எழுதுகிறார்கள். உண்மையாகவே இருக்கலாம், ஆனால் படிப்பவருக்கு அதில் ஒரு ஆள் தெரிவதில்லை. கேட்டுத்தான் எழுத வேண்டும். வேலை முடிந்து தேயிலைக் கொழுந்து எடை போட்டு வந்த கையோடு கேட்டால் எரிச்சல்தான் வரும். ஞாயிறு மதியம் வெங்காயம் உரிக்கும்போது, கூடவே கையை வைத்துக்கொண்டு கேளுங்கள். ‘உன் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லு’ என்றால் ‘என்னத்தச் சொல்ல’ என்பதோடு முடிந்துவிடும். சின்னக் கேள்வி வேண்டும்: என் வயதில் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீங்க? முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீங்க? ஸ்கூலை விட்டு நின்ற அன்று யார் என்ன சொன்னாங்க?

மூணாறு தோட்டங்களில் வேலை செய்யும் வீடு என்றால் இன்னொரு கேள்வி உண்டு. 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டு, 20 சதவீத போனஸ் கேட்டு மூணாற்றில் தெருவில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயர் அப்போது வந்தது. அம்மாவோ சித்தியோ அங்கே இருந்தார்களா, போகாமல் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். போகாதவர்களின் பதிலிலும் வீட்டுக் கணக்கு முழுக்கத் தெரியும்.

கடன், குடி, சண்டை ஆகியவற்றை எழுதலாம். ஆனால் பள்ளியில் கொடுக்கும் எதிலும் அவை வரக்கூடாது, அது வீட்டாரின் மானம் சம்பந்தப்பட்டது. விதிவிலக்கு ஒன்று: அடியோ, தொடக்கூடாத தொடலோ, பயமுறுத்தலோ நடந்தால் அது நோட்டோடு நிற்கிற விஷயம் இல்லை. நம்பிக்கையான டீச்சரிடமோ பள்ளிக் கவுன்சிலரிடமோ சொல்லுங்கள், அல்லது 1098-ஐ அழையுங்கள். காசு ஆகாது.

ஊரைப் பற்றி, குறிப்பாக அணையைப் பற்றி

சமூகம் என்றதும் பிளாஸ்டிக்கையும் செல்போனையும் பிடித்துக்கொள்கிறோம். எல்லைப் பிள்ளைக்கு அதைவிடக் கனமான விஷயம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. முல்லைப்பெரியாறு அணைக்குக் கீழே இருக்கும் வண்டிப்பெரியாற்றில் படிக்கும் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். மழை வலுத்தால் வகுப்பில் அணை உடையுமா என்ற பேச்சு. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் கம்பத்தில் மாமா வீட்டுக்குப் போனால், அணையிலிருந்து தண்ணீர் வராவிட்டால் நெல் என்னாவது என்ற பேச்சு. இரண்டு இடத்திலும் தலையாட்டிவிட்டு வருவதுதான் வழக்கம்.

இதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கி, நெடுக்காக மூன்று பத்தி போடுங்கள்: வகுப்பில் கேட்டது, மாமா வீட்டில் கேட்டது, சரிபார்த்தது. மூன்றாவது பத்தியில் போகக்கூடியவை: அணை இருப்பது கேரளத்தில், இயக்குவது தமிழ்நாடு. ஒப்பந்தம் 1886-இல், 999 ஆண்டுக்கு. கட்டி முடிந்தது 1895-இல். பாதுகாப்பு அச்சத்தால் 1979-இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது; 2014 மே மாதம் உச்சநீதிமன்றம் 142 அடிவரை அனுமதித்தது. தண்ணீர் சுரங்கம் வழியாகத் தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களுக்குப் போகிறது. முதல் இரண்டு பத்தியிலிருந்து ஒரு வரியை மூன்றாவதற்கு மாற்ற, குறைந்தது இரண்டு இடத்தில் பார்த்திருக்க வேண்டும். அதில் ஒன்று மலையாளப் பத்திரிகை, ஒன்று தமிழ்ப் பத்திரிகை. வாட்ஸ்அப் கணக்கில் வராது.

பிறகு இரண்டு தரப்பையும் தலா ஐந்து வரியில் எழுதுங்கள். வகுப்புத் தோழியின் பயத்தை எழுதியதை அவளிடமே காட்டி, ‘நீ சொல்ல வந்தது இதுதானா?’ என்று கேளுங்கள். மாமாவுக்கும் அப்படியே போனில் படித்துக் காட்டுங்கள். ‘இல்லப்பா, நான் சொன்னது அது இல்ல’ என்றால் திருத்துங்கள். இருவரும் சரி என்ற பிறகுதான் உங்கள் கருத்துக்கு இடம். அது வர ஒரு மாதம் ஆகலாம், வராமலும் போகலாம். முடிவு சொல்லாத கட்டுரைக்கு மார்க் குறையும் என்று பயப்படுபவர்கள், எந்தத் தகவல் கிடைத்தால் முடிவுக்கு வரலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

கட்டுரையாக்கும்போது

பள்ளி மலருக்கோ போட்டிக்கோ 400 சொல் கேட்டால், நோட்டிலிருந்து மூன்று பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்: ஒன்று பள்ளி, ஒன்று வீடு, ஒன்று ஊர். மூன்றிலும் ஒரே குணம் தலைகாட்டுகிறதா என்று பாருங்கள். சிரிப்புக்குப் பயப்படுவது, கேட்காமலே முடிவு கட்டுவது, இரண்டு பக்கமும் தலையாட்டுவது, இப்படி ஏதாவது. அதுதான் கட்டுரையின் பொருள். 400 சொல்லில் 250 நடந்ததற்குப் போகட்டும், 100 கண்ணில் படாததற்கு, மீதி இப்போது செய்துகொண்டிருப்பதற்கு. பழமொழியோ குறளோ மேற்கோள் காட்டுவதானால் ஒன்றே ஒன்று, அதுவும் நடுவில். முதல் வரியில் வைத்தால் பழைய கட்டுரைதான் திரும்பி வரும். இணையத்தில் எழுதி வாங்கிய பத்தியை ஒட்டினால் வகுப்பாசிரியருக்கு உடனே தெரியும், ஏனென்றால் அதில் ஒரு ஊர்ப் பெயர்கூட இருக்காது.

கொடுப்பதற்கு முன் சத்தமாக ஒருமுறை படியுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். அதில் வரும் ஆட்களில் யாரையாவது ஊர்க்காரர் அடையாளம் கண்டுகொள்ள முடியும் என்றால் அவரிடம் கேட்டு அனுமதி வாங்குங்கள், அம்மாவாக இருந்தாலும். வேண்டாம் என்றால் அந்தப் பக்கத்தை விட்டு, நோட்டிலிருந்து வேறொன்றை எடுங்கள். வருடத்துக்கு நூற்றுக்கு மேல் பக்கம் சேர்ந்திருக்கும், பஞ்சம் வராது.