திரும்ப லாக்டவுன் போட்டா வீட்ட எப்படி ஓட்டுறது, எங்க பாம்பன் பக்கத்து கணக்கு

2020 மார்ச் 25ல 21 நாள்னு ஆரம்பிச்சப்போ சரி மூணு வாரந்தானேன்னு அரிசி பருப்பு மட்டும் வாங்கிப் போட்டேன். அது முடியும்போது இன்னும் நீட்டிச்சாங்க, கூடவே ஏப்ரல் 15 வந்துருச்சு, விசைப்படகுக்கு மீன்பிடி தடைக்காலம். வழக்கமா 61 நாள், அந்த வருசம் குறைச்சு மே 31 வரைக்கும்னாங்க, எங்களுக்கென்ன, படகுதான் மார்ச்லயே கட்டியாச்சே. ஒரு ஹாலு ஒரு அடுப்படி, ஏழு பேரு. சண்டை காசுக்கு வரும்னு பாத்தேன், வந்தது தண்ணிக்கு.

அதனால மொதல்ல தண்ணிய பாருங்க. எங்க பக்கம் தோண்டுனா உப்பு, நல்ல தண்ணி குடத்துக்கு காசு, டிவில வேற அஞ்சு நிமிசத்துக்கு ஒருதரம் கை கழுவுங்கிறான். காலைலயே குடத்த பிரிச்சு வச்சிரணும், குடிக்க சமைக்க இத்தனை, அதுல எவனும் கை வைக்கக் கூடாது. கை கழுவ உப்புத்தண்ணி போதும். அதுல சோப்பு நுரைக்காது, ஆனா துணி பவுடர் நுரைக்கும், ஒரு லிட்டர் பாட்டில்ல ஒரு ஸ்பூன் பவுடர் கலக்கி மூடில ஆணியால ஓட்ட போட்டு வாசல்ல தொங்க விட்டேன், பிள்ளைங்களுக்கு அது ஒரு வெளாட்டு மாதிரி ஆயிருச்சு. அரிசி கழுவுன தண்ணி ஏனம் கழுவ, அது முடிஞ்சு முருங்கைக்கு.

அடுத்து கருவாடு. சின்ன வள்ளத்துக்கு தடை கிடையாது, ஆனா ஏவாரி வரலன்னா மீனு அடிமாட்டு விலைக்குத்தான் போகும், அந்த நேரம் வாங்கி போட்ருங்க. நெத்திலிய அலசி அப்படியே காய வைக்கலாம். பெரிய மீனுன்னா கீறி குடல எடுத்துட்டு மூணு பங்கு மீனுக்கு ஒரு பங்கு கல்லுப்பு, ஒரு ராத்திரி ஊற விட்டு அப்புறம் வெயில். மணல்ல போடாதீங்க, பழைய வலைய கம்புல இழுத்து கட்டி அதுமேல போடுங்க, கீழ இருந்தும் காத்து வரும் மண்ணும் ஒட்டாது. பூனைக்கு காவல் யாருன்னு மட்டும் முன்னாடியே பேசி வச்சுக்கோங்க.

போன் ஒன்னுதான், பாடத்துக்கு முன்னுரிமை, சின்னவனுக்கு கல்வி டிவி. இதுல பேச்சுக்கே எடம் இல்ல.

இப்ப முக்கியமான விசயம், வீட்டுல உக்காந்திருக்க ஆம்பளை. எங்க வீட்டுக்காரரு மொத வாரம் பூரா டீ கேட்டாரு, ரெண்டாவது வாரம் குழம்புல குறை சொன்னாரு. அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு, போட்டுல யாரு சமைக்கிறா? இவங்கதானே! ஆடுற போட்டுல ஸ்டவ்வு பத்த வச்சு மீன் குழம்பு வைக்கத் தெரிஞ்ச மனுசனுக்கு ஆடாத அடுப்படில வைக்கத் தெரியாதா? சண்டை போடாதீங்க, "போட்டுல வைக்கிற மாதிரி ஒருநாள் வைங்களேன், பிள்ளைங்க கேக்குது"ன்னு சொல்லிப் பாருங்க. மாமியார் மொகத்த பாக்காதீங்க அந்த நேரத்துல. பகல்ல வலை பொத்துற வேலைய வீட்டுக்கே கொண்டாரச் சொல்லுங்க, பிள்ளைங்களும் ஊசில நூல் கோத்துக் குடுக்கும், நமக்கு ஒரு ரெண்டு மணி நேரம் நிம்மதி.

காய்ச்சல் வந்தா தனி ரூமுக்கு எங்க போக. திண்ணைய ஓலைத்தட்டி வச்சு அடைச்சு, தனி தட்டு தனி செம்பு, சாப்பாட்ட வாசப்படில வச்சிட்டு நகந்துக்கணும். விரல்ல மாட்டி ஆக்சிஜன் அளவு பாக்குற மிசின் தெருவுக்கு ஒன்னாச்சும் சேந்து வாங்குங்க, மருதாணியும் நெயில் பாலிஷும் இல்லாத விரல்ல போடுங்க, 94க்கு கீழ போனா கசாயம் குடிச்சு பாப்போம்னு உக்காராதீங்க, ஆஸ்பத்திரிதான். 2021 மே மாசம் அந்த திண்ணையில கிடந்தது நான்தான். பன்னெண்டு நாளும் அவருதான் சமைச்சாரு, புளி கொஞ்சம் தூக்கல், நான் வாயே தொறக்கல.