டெலிவரி வால்வைத் திறந்து ஓட்டுவதா, மூடி ஓட்டுவதா?

ஆலையில் எந்த பம்ப்பையும் ஸ்டார்ட் செய்யும் முன் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். சென்ட்ரிஃபியூகல் பம்ப்பை டெலிவரி வால்வை, அதாவது வெளியேறும் பக்கத்து வால்வை, மூடி ஸ்டார்ட் செய்கிறோம். கியர் பம்ப்பை அப்படிச் செய்தால் குழாய் பிளக்கும், இல்லையென்றால் ஷாஃப்ட் முறியும்.

சென்ட்ரிஃபியூகல் பம்ப்பில் இம்பெல்லர் என்ற சுழல் சக்கரத்தின் நடுக்கண் வழியே தண்ணீர் நுழைகிறது. சுழலும் இறக்கைகள் அதை விளிம்புக்கு வீசுகின்றன. சுற்றியுள்ள கேஸிங் போகப்போக அகலமாவதால் வேகம் தணிந்து அழுத்தம் ஏறுகிறது. நடுக்கண்ணில் அழுத்தம் குறைந்ததும், வெளிக்காற்றின் அழுத்தம் தொட்டித் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. காற்று எடை குறைந்தது. அதை எவ்வளவு வீசினாலும் போதிய அழுத்த வேறுபாடு கிடைக்காது. அதனால்தான் முதலில் தண்ணீர் நிரப்ப வேண்டியிருக்கிறது.

தண்ணீர் உள்ளே வரும் பக்கத்து சக்ஷன் வால்வை முழுக்கத் திறந்து வையுங்கள். கேஸிங்கை நிரப்பி, மேலே உள்ள ஏர் காக்கில் குமிழ் இல்லாமல் தண்ணீர் வரும்வரை காற்றை வெளியேற்றுங்கள். டெலிவரி வால்வை மூடியபடி மோட்டாரைப் போட்டால் ஆம்பியர் குறைவாக இருக்கும். கேஜில் அழுத்தம் ஏறி நின்றதும் வால்வை மெல்லத் திறக்க வேண்டும். மூடியபடியே சில நிமிடங்கள் விட்டுவிட்டால் மோட்டாரின் சக்தியெல்லாம் உள்ளிருக்கும் தண்ணீரைச் சூடாக்கும், ஷாஃப்ட் ஓரக் கசிவைத் தடுக்கும் சீல் போய்விடும்.

மோட்டாரை ரீவைண்டிங் செய்து மாட்டிய பிறகு தண்ணீர் குறைவாக வந்தால் முதலில் சுழலும் திசையைப் பாருங்கள். மின்சார பேஸ் வயர்கள் மாறித் தலைகீழாகச் சுற்றினாலும் இந்த பம்ப் கொஞ்சம் தண்ணீர் தரும். அதனாலேயே பலர் இதைக் கவனிக்காமல் பம்ப்பைப் பிரித்துப் பார்க்கிறார்கள்.

கோளாறுகளில் பெரும்பாலானவை சக்ஷன் பக்கத்தில்தான் தொடங்குகின்றன. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 10.3 மீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும். குழாய் உராய்வும் இம்பெல்லருக்குத் தேவையான அழுத்தமும் போக, நடைமுறையில் 6, 7 மீட்டர்தான் மிஞ்சும். 80 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஆவியழுத்தமே கிட்டத்தட்ட 5 மீட்டரைத் தின்றுவிடும். பாய்லர் ஃபீட் தொட்டியை பம்ப்புக்கு மேலே உயரத்தில் வைப்பது இதற்காகத்தான். அழுத்தம் போதாமல் போனால் நடுக்கண்ணில் ஆவிக் குமிழிகள் உண்டாகும். அழுத்தம் கூடும் இடத்துக்கு வந்ததும் அவை நொறுங்கி உலோகத்தை அரிக்கும். உள்ளே ஜல்லி உருள்வது போல் சத்தம் கேட்கும். சக்ஷன் குழாயின் வடிகட்டியான ஸ்ட்ரெய்னரைச் சுத்தம் செய்து பாருங்கள். சக்ஷன் குழாயைப் பெரிதாக்குவதும் உதவும். டெலிவரி வால்வைச் சற்றுக் குறைப்பது உடனடி நிவாரணம். சக்ஷன் வால்வைக் குறைத்து ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவது கூடவே கூடாது. சக்ஷன் குழாய் கீழிருந்து வருகிறது என்றால், குழாய் அளவைக் குறைக்கும் இணைப்பான, ஒருபக்கம் சமமான ரெட்யூசரின் சமப் பக்கத்தை மேலே வைத்து மாட்டுங்கள். இல்லாவிட்டால் அந்த மேடான இடத்தில் காற்று தேங்கும்.

ஷாஃப்ட்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் கயிறான கிளாண்ட் பேக்கிங் சொட்ட வேண்டும். நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு பொதுவாகச் சரியான அளவு. அந்தத் தண்ணீர்தான் கயிற்றைக் குளிர்விக்கிறது. சொட்டை முழுக்க நிறுத்த முறுக்கினால் கயிறு கருகி ஷாஃப்ட் ஸ்லீவில் பள்ளம் விழும். புதிதாகப் போடும்போது வளையங்களின் இணைப்புகளை 90 டிகிரி மாற்றி மாற்றி அமையுங்கள்.

கியர் பம்ப்பில் எண்ணெய் இரண்டு கியர்களுக்கு நடுவே போவதில்லை. பல் இடுக்குகளில் நிறைந்து கேஸிங் சுவரோரமாகச் சுற்றி வருகிறது; பற்கள் மீண்டும் சேரும் இடத்தில் வெளியே பிதுக்கப்படுகிறது. ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று கணக்காகத் தள்ளுவதால், வழி அடைத்தால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். டெலிவரி வால்வைத் திறந்துவிட்டே ஸ்டார்ட் செய்யுங்கள். அழுத்தம் அளவு மீறினால் தானாகத் திறக்கும் ரிலீஃப் வால்வு இல்லாமல் ஓட்டவே கூடாது. பம்ப்போடு சேர்ந்த ரிலீஃப் வால்வு எண்ணெயை உள்ளேயே திருப்பிவிடும். நெடுநேரம் அப்படி ஓடினால் எண்ணெய் கொதிக்கச் சூடாகிவிடும். மணல், துகள் கலந்த திரவம் இதற்கு ஆகாது, இடைவெளி தேய்ந்து அழுத்தம் விழும்.

கழிவுநீர்ச் சேற்றை ஃபில்டர் பிரஸ்ஸுக்கு அனுப்பும் ஸ்க்ரூ பம்ப்பிலும் வால்வு விதி இதேதான். கூடவே, அது காலியாக ஓடினால் ஸ்க்ரூவைச் சுற்றியுள்ள ரப்பர் உறையான ஸ்டேட்டர் சீக்கிரமே கருகிவிடும்.

அழுத்தக் காற்றில் இயங்கும், இரண்டு சவ்வுகள் கொண்ட இரட்டை டயஃப்ரம் பம்ப் மட்டும் விதிவிலக்கு. டெலிவரியை மூடினால் அது அப்படியே நின்றுவிடும், திறந்தால் மறுபடி ஓடும். ஒரு பக்கம் மட்டும் தள்ளினால் பால் வால்வின் சீட்டில் குப்பை சிக்கியிருக்கிறதா பாருங்கள். சைலன்சரில் பனி உறைந்து ஓட்டம் தடுமாறினால் கம்ப்ரஸர் காற்றில் ஈரம் இருக்கிறது. டிரையரைச் சரிபார்க்க வேண்டும்.