பழைய பேரைப் பிள்ளைக்கு வைக்க நினைக்கிறவர்களுக்கு

உசிலம்பட்டிப் பக்கத்தில் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிறப்புப் பதிவேட்டில் ஒச்சம்மாள், மாயக்காள், சோணைமுத்து, ராக்காயி என்று எழுதியிருக்கிறேன். ஓய்வு பெறும் சமயத்தில் அதே பேர்களை இறப்புப் பதிவேட்டில் மட்டும்தான் எழுதினேன். அது மனதை மிகவும் உறுத்துகிறது. ஒச்சம்மாள் என்றால் பாப்பாபட்டி ஒச்சாண்டம்மனைக் கும்பிடுகிற வீடு. ராக்காயி அழகர்மலை நூபுரகங்கையில் இருக்கிற அம்மன். பேரைக் கேட்டதும் எந்தக் கோயில் கும்பிடுகிறவர்கள் என்று சொல்லிவிடலாம்.

பேர் தேடுகிறவர்கள் முதலில் வீட்டில் இருக்கிற பழைய மொய் நோட்டை எடுங்கள். கல்யாணம், காதுகுத்து, மொய்க்காகவே வைக்கிற வசந்த விழா என்று எழுதிய நோட்டில் ஊர் வாரியாகப் பங்காளி, மாமன் மச்சான் பேரெல்லாம் இருக்கும். அடுத்து நிலத்தின் மூலப்பத்திரம். அதில் பூட்டன் பேர் வரை கிடைக்கும். மாசிப் பச்சைக்கு, அதாவது மாசி மாதச் சிவராத்திரிக் கும்பிடுக்கு, குலதெய்வம் கோயிலுக்குப் போகும்போது வயதான அத்தைமார்களிடம் கேளுங்கள். பொம்பளைப் பேர்கள் பத்திரத்தில் குறைவு, அவர்கள் வாயில்தான் இருக்கின்றன.

எல்லாப் பழைய பேரையும் காப்பாற்ற வேண்டியதில்லை. போதும்பொண்ணு, வேண்டாம் என்று பெண் பிள்ளைக்கு வைத்தது அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் சுமந்த வலி. அது நின்றதே நல்லது. பிச்சை, மூக்காயி வேறு கதை. முந்திய பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், இதாவது தங்கட்டும் என்று சாமிக்குப் பயந்து வைத்தவை. அந்தப் பேருள்ள பாட்டியைக் கேலி செய்யவே கூடாது.

தாத்தா பேரை வைப்பதில் ஒரு சங்கடம் உண்டு. மாமனார் பேரைச் சொல்லி மருமகள் பிள்ளையை அதட்ட மாட்டாள். அதனால் கூப்பிட ஒரு பேர் வைப்பார்கள், கடைசியில் அதுவே சான்றிதழிலும் ஏறிவிடும். இதை மாற்றிச் செய்யுங்கள். பதிவில் முழுப்பேர் இருக்கட்டும், வீட்டில் சுருக்கிக் கூப்பிடுங்கள். அங்கயற்கண்ணி என்று பதிந்துவிட்டுக் கயல் என்று கூப்பிடலாம். முத்துக்கருப்பன் முத்து ஆகலாம்.

அப்புறம் ஆங்கில எழுத்து. அழகர்சாமிக்கு எல் போடுவதா, இசட்-எச் போடுவதா என்று பதியும் முன்பே முடிவு செய்து தாளில் எழுதிக் கொடுங்கள். ஆதாரிலும் பள்ளியிலும் அதே எழுத்து இருக்க வேண்டும்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். பேர் விஷயத்தில் வீட்டில் இழுபறி என்றால் அவசரப்பட்டு ஏதோ ஒன்றை எழுதித் தர வேண்டாம். பேர் இல்லாமலே பதியலாம். ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் பேரைச் சேர்க்கலாம், அதற்குமேல் தாமதக் கட்டணம் கட்ட வேண்டும்.