‘சட்டம் போட்டாச்சு’ என்று சொல்வதற்கு முன்

திங்கள்கிழமை காலையில் திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். ‘சட்டம்’ என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை சமாச்சாரங்களைத் திணித்து வைத்திருக்கிறோம் என்பது தெரிந்துவிடும். மந்திரி மேடையில் சொன்னதும் சட்டம், அரசாணையும் சட்டம், கோர்ட் தீர்ப்பும் சட்டம், ஊர்க்கூட்டத்தில் நாட்டாமை சொன்னதும் சட்டம். மனு எழுதுகிறவரும் ‘சட்டப்படி நடவடிக்கை எடுக்குமாறு’ என்று முடித்துவிடுவார். எந்தச் சட்டம் என்பது மட்டும் மனுவில் இருக்காது. பாளையங்கோட்டையில் வக்கீல் தொழில் பார்க்கிற எனக்கு, பாதி நாள் இந்த முடிச்சை அவிழ்ப்பதிலேயே போகிறது.

முதலில் அறிவிப்பு. தென்காசி தனி மாவட்டம் ஆகும் என்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தது 2019 ஜூலையில். மறுவாரமே சங்கரன்கோவில் பக்கத்து ஆட்கள், “இனிமே எங்க மனுவெல்லாம் தென்காசியிலதான் வாங்கணும், இங்க ஏன் வரச் சொல்லுதாவ?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மாவட்டம் செயல்படத் தொடங்கியது நவம்பர் 22ஆம் தேதி. அதுவரை அவர்கள் திருநெல்வேலி மாவட்டத்துக்காரர்கள்தான். சபையில் ஒரு மந்திரி அறிவித்தால், அரசு அதைச் செய்ய நினைக்கிறது என்று பொருள். அதை வைத்து ஒரு தாசில்தாரிடம் உரிமை கேட்க முடியாது.

தென்காசி என்றதும் செங்கோட்டை ஞாபகம் வருகிறது. சட்டத்துக்கும் அரசாணைக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த ஓர் ஊரை வைத்தே சொல்லிவிடலாம். 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. அதை இந்தப் பக்கம் கொண்டுவர நாடாளுமன்றமே மாநில மறுசீரமைப்புச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது. அதே ஊர் 2019இல் திருநெல்வேலியை விட்டுத் தென்காசிக்குப் போக ஓர் அரசாணை போதுமாக இருந்தது. மாநில எல்லையை மாற்றுகிற அதிகாரத்தை அரசியலமைப்பு நாடாளுமன்றத்திடம் மட்டுமே கொடுத்திருக்கிறது. மாவட்ட எல்லை மாநில அரசின் கையில் இருக்கிறது. அதுவும் சும்மா இல்லை, அந்த அதிகாரத்தையும் ஒரு சட்டம்தான் கொடுத்திருக்கிறது.

சரி, அப்படியானால் அரசாணை சட்டமில்லை, அதை மதிக்க வேண்டாம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. டவுனில் அல்வாக் கடை ஒன்றில் பிளாஸ்டிக் பை கேட்டு, கடைக்காரர் மறுத்ததும், “அது வெறும் ஜி.ஓ. தானவே, சட்டமா?” என்று ஒருவர் மல்லுக்கு நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஜி.ஓ. என்பது சரிதான். 2018 ஜூன் 25ஆம் தேதி வெளியான அரசாணை 84. 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. ஆனால் அந்த அரசாணைக்குப் பின்னால் 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் நிற்கிறது. பவர் பத்திரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பவர் வாங்கியவர் போடும் கையெழுத்து செல்லும், ஆனால் பவர் கொடுத்தவருக்கே இல்லாத சொத்தை அவரால் விற்க முடியாது. அரசாணையும் விதிகளும் தாய்ச் சட்டத்தின் வேலிக்குள்தான் மேய முடியும். வேலி தாண்டினால் ஹைகோர்ட் மதுரைக் கிளையில் ரிட் போட்டு ரத்து செய்ய வைக்கலாம். அதனால் ஓர் அரசாணையைக் கையில் எடுத்தால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் போட்டது என்று முதல் பத்தியிலேயே தேடுங்கள்.

அடுத்த தவறு, சபையில் நிறைவேறியதும் வேலை முடிந்தது என்று நினைப்பது. தமிழ்நாட்டில் 1986இல் மேலவையை எடுத்துவிட்டதால் இங்கே ஒரே சபைதான், 234 பேர். அங்கே நிறைவேறுவது சட்டமுன்வடிவு. கவர்னர் ஒப்புதல் கொடுத்து, அரசிதழில் வந்த பிறகுதான் அது சட்டம். பொதுப்பட்டியலில், அதாவது மத்திய அரசும் மாநில அரசும் இரண்டுமே சட்டம் போடக்கூடிய பட்டியலில் உள்ள விஷயத்தில் ஏற்கெனவே இருக்கும் மத்தியச் சட்டத்தோடு மோதுகிறது என்றால், அது நிற்பதற்கு ஜனாதிபதி வரை போக வேண்டும். ஜல்லிக்கட்டு அப்படிப்பட்டதுதான். மிருகவதைத் தடுப்பு பொதுப்பட்டியலில் இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் இருக்கிறது. 2017 ஜனவரி 21 அவசரச் சட்டம் வந்தது, 23ஆம் தேதி சட்டமன்றத்தில் முன்வடிவு நிறைவேறியது, அதன் பிறகு ஜனாதிபதி ஒப்புதல். இரண்டு நாள் இடைவெளியில் எதற்கு இரண்டு தடவை என்று அப்போது பலர் கேட்டார்கள். அவசரச் சட்டம் என்பது சபை கூடாத நேரத்துக்கான ஏற்பாடு. சபை மறுபடி கூடி ஆறு வாரத்துக்குள் முறையான சட்டமாக்கவில்லை என்றால் காலாவதியாகிவிடும். ஜல்லிக்கட்டுச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2023 மே மாதம்.

ஊர்க்கூட்டத்தையும் கிராம சபையையும் ஒன்றாக நினைப்பது இன்னொன்று. கிராம சபை 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி கூடுவது. ஊராட்சியின் வாக்காளர் எல்லாரும் அதில் உறுப்பினர். கோயில் திண்ணையில் பத்துப் பேர் உட்கார்ந்து, “அந்த வீட்டோட யாரும் பேசக் கூடாது, கடையில சாமான் கொடுக்கக் கூடாது” என்று முடிவு செய்வதற்கு ஒரு சட்டமும் துணை இல்லை. விலக்கப்பட்டவர் பட்டியல் இனத்தவராக, விலக்கியவர்கள் அப்படி இல்லாதவர்களாக இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அதுவே குற்றம். தீர்மானத்தை நோட்டில் எழுதிக் கையெழுத்து வேறு போட்டு வைக்கிறார்கள். போலீஸுக்கு சாட்சி தேடும் வேலை மிச்சம்.

கடைசியாகத் தேதி. என் அனுபவத்தில் ஆட்களை அதிகம் ஏமாற வைப்பது இதுதான். சட்டம் நிறைவேறிய நாள் ஒன்று, நடைமுறைக்கு வந்த நாள் இன்னொன்று, இடையில் திருத்தம் வந்த நாள் மற்றொன்று. 2024 ஜூலை 1 முதல் மோசடிக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு கிடையாது, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 318. ஆனால் அதற்கு முந்தின ஜூன் மாதம் நடந்த மோசடிக்கு இன்றைக்குக் கேஸ் போட்டாலும் பழைய 420தான்.

சில வருஷத்துக்கு முன் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து மேஜையில் வைத்தார். அவருடைய பத்திரிகைதான், 1984. லேமினேஷன் போட்டு வைத்திருந்தார்.

“எண்பத்தொம்போதுக்கு முன்னால கெட்டிக் குடுத்த பொட்டப்புள்ளைக்குப் பூர்வீகச் சொத்துல பங்கு கெடையாதாம்லா ஐயா. சட்டத்துலயே இருக்குன்னு அண்ணன் சொல்லுதாவ.”

அண்ணன் சொன்னது பொய்யில்லை. மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், 1990ஆம் ஆண்டின் 1ஆம் எண் சட்டம், 1989 மார்ச் 25இலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் திருமணமான பெண்களுக்குப் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருந்தது. ஆனால் அதே சட்டத்துக்கு மத்திய அரசின் திருத்தம் 2005 செப்டம்பர் 9 முதல் வந்தபோது, கல்யாணத் தேதியே கணக்கில் இல்லாமல் போயிற்று. அன்றைக்கு அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று கோர்ட்டுகளில் வெகுநாள் இழுபறி. வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. தீர்ப்பு புதிதாக ஒரு சட்டம் போடவில்லை. 2005 திருத்தத்துக்கு அர்த்தம் இதுதான் என்று சொன்னது. அந்த அர்த்தம் நாட்டிலுள்ள எல்லாக் கோர்ட்டையும் கட்டுப்படுத்தும். அண்ணன் ஒரு சட்டத்தைப் படித்துவிட்டு, அதன் பிறகு வந்ததைப் படிக்காமல் விட்டிருந்தார். வசதியாகத்தான்.

“பாகம் எப்பம்மா பிரிச்சாங்க?”

“பதினாறுல. மூணு பேரும் பத்திரம் போட்டாச்சு. எனக்குச் சொல்லவே இல்ல.”

2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினையாகவோ கோர்ட் டிக்ரியாகவோ இருந்தால் கலைக்க முடியாது. 2016 என்றால் கேட்கலாம். சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸில் அந்தப் பத்திரத்தின் நகலுக்கு மனுப் போடச் சொல்லி, ஒரு துண்டுத் தாளில் வருஷத்தையும் சர்வே நம்பரையும் எழுதிக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு, மேஜையில் இருந்த கல்யாணப் பத்திரிகையைக் காட்டி, “அப்போ இது வேண்டாமா ஐயா?” என்றார்.

“வேண்டாம்மா. அது உங்ககிட்டயே இருக்கட்டும்.”