வார்டில் ‘நீ’ யார், ‘நீங்கள்’ யார்? இளம் மருத்துவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனிதநேய மருத்துவம் என்றால் சிரித்த முகமும் கனிந்த குரலும் என்று எண்ணிக்கொள்வதுதான் முதல் தவறு. வைத்தியத்தை ஒழுங்காகப் பார்ப்பதிலேயே அது அடங்கியிருக்கிறது. 2019 முதல் இந்திய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் இதற்கென்று தனிப் பகுதியே உண்டு. ஆனாலும் படித்தது வார்டு வாசலோடு நின்றுவிடுகிறது.

“ஓ.பி.யில் இருநூறு பேர் நிற்கிறார்கள், கதை கேட்க ஏது நேரம்?” என்பார்கள். 1984-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் 74 சந்திப்புகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். நோயாளி வாய் திறந்து சராசரியாக 18 நொடிகளில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். 2002-இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் 335 பேரைத் தடுக்காமல் பேசவிட்டபோது, சராசரியாக 92 நொடிகளில் அவர்களாகவே முடித்துக்கொண்டார்கள். இருநூறு பேருக்கு அதுவும் அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாதியில் நிறுத்தப்பட்டவர் கதவுவரை போய்த் திரும்பி, “டாக்டர், நெஞ்சும் கொஞ்சம் அடைக்கிறது” என்பார். பிறகு மறுபடி முதலிலிருந்து.

நம் ஊரில் இதைவிடப் பெரிய தவறு ஒற்றை எழுத்தில் இருக்கிறது: ‘நீ’. கசங்கிய சட்டைக்காரர் அறுபது வயதானாலும் “வா, படு, நாக்கை நீட்டு”. காரில் வந்திறங்கியவருக்கு “வாருங்கள்”. நோயாளிக்கு இது உடனே உறைக்கும். அதன்பின் “மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாயா?” என்று கேட்டால், சாப்பிடாதவரும் “சாப்பிட்டேன்” என்றுதான் சொல்வார்.

பெயர் சொல்லாமலே வயிற்றில் கை வைப்பது இன்னொன்று. இங்கிலாந்தின் கேட் கிரேஞ்சர் முதியோர் நல மருத்துவராக இருந்தவர். 2013-இல் புற்றுநோயாளியாக மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபோது, சிகிச்சைக்கு வந்த பலர் தாங்கள் யாரென்றே சொல்லாததைக் கவனித்தார். ‘வணக்கம், என் பெயர்...’ என்ற இயக்கம் அப்படித்தான் பிறந்தது. கட்டிலைச் சுற்றி ஐந்து வெள்ளைக் கோட்டுகள் நின்றால், பெரிய டாக்டர் யார், ஹவுஸ் சர்ஜன் யார் என்று படுத்திருப்பவருக்கு எப்படித் தெரியும்?

கடைசியாக, “அப்பாவிடம் நோயைப் பற்றிச் சொல்லிவிடாதீர்கள்” என்று நோயாளியின் மகன் தாழ்வாரத்தில் மடக்கும் நேரம். உடனே தலையாட்டிவிடாதீர்கள். அதற்காக உள்ளே போய் எல்லாவற்றையும் கொட்டிவிடவும் வேண்டாம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “உங்களுக்கு என்ன என்று நினைக்கிறீர்கள், ஐயா? எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும்?” என்று அவரையே கேளுங்கள். “மகனிடம் சொன்னால் போதும்” என்றால் சரி. பல சமயம் அவருக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கும். பிள்ளைகள் கலங்கக் கூடாதென்று அவரும் தெரியாதவர்போல் இருந்துகொண்டிருப்பார்.