லாக்க்ரூ மலைக் கற்குவைகளைப் பார்க்கப் போகிறீர்களா?

அயர்லாந்துக்கு வருகிற நண்பர்கள் பழைய கல்லறை என்றாலே நியூகிரேஞ்சுக்குத்தான் டிக்கெட் எடுக்கிறார்கள். அதே மீத் மாவட்டத்தில் ஓல்ட்காசில் ஊருக்குப் பக்கத்திலேயே லாக்க்ரூ குன்றுகள் இருக்கின்றன. அவற்றின் மேல் உள்ள கற்குவைகளும், அதாவது கல்லைக் குவித்துக் கட்டிய மேடுகளும், பழைய கல்லறைகள்தான். கட்டணம் இல்லை. எனக்கு இதுதான் ஒசத்தி.

கார் நிறுத்துமிடத்திலிருந்து கிழக்குக் குன்றின் உச்சிக்குக் கால் மணி நேர ஏற்றம், கொஞ்சம் செங்குத்து. ஈரப் புல் வழுக்கும் என்பதால் பிடிப்புள்ள ஷூ வேண்டும். மேலே காற்று பலமாக அடிக்கும், கோடையிலும் ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் நேரம்தான் முக்கியம். நடுப்பகலில் போனால் வெறும் கல்தான் தெரியும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது, 'டி' (T) என்று பெயரிட்ட பெரிய கற்குவையைச் சுற்றியுள்ள கூரையிழந்த சிறு கல்லறைகளுக்குப் போங்கள். கல்லுக்கு நேராக நிற்காமல் ஓரமாகக் குனிந்து பாருங்கள். ஒன்றுமில்லாத பரப்பில் முதலில் ஒரு சின்னக் குழி, அப்புறம் அதைச் சுற்றி ஒரு வட்டம், அதற்கு வெளியே இன்னொன்று என்று கோடுகள் எழுந்து வரும். 5,000 ஆண்டுகளுக்கு முன்னால், உலோகமே இல்லாத காலத்தில், யாரோ கல்லால் கல்லைக் கொத்திக் கொத்திப் போட்ட கோடு அது. அந்தக் கொத்தல் தடங்கள்கூடத் தனித்தனியாகத் தெரியும். தொட்டுப் பார்க்கக் கை பரபரக்கும். தயவுசெய்து தொடாதீர்கள், சாக்பீஸால் கோடு வரையவும் வேண்டாம்.

'டி'யின் உள்ளே எரித்த எலும்புகளை வைத்திருந்தார்கள். மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாகும் நாட்களையொட்டி, சூரிய உதயத்தில் ஒளி நடைவழியில் நுழைந்து பின்சுவரில் உள்ள பூப்போன்ற சூரிய வடிவங்கள் மேல் நகரும். 1980ல் மார்ட்டின் பிரென்னன், ஜாக் ராபர்ட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கவனித்துச் சொன்னார்கள். அந்த நாட்களில் கூட்டம் இருக்கும், விடியுமுன்னே ஏறிவிடுங்கள். வாசல் கதவு பூட்டியிருந்தால் கம்பிக்கு வெளியே நின்றுதான் எட்டிப் பார்க்க வேண்டும்.

'டி'யின் வடபக்கம் போக மறக்காதீர்கள். கிழவியின் நாற்காலி என்கிற பெரிய கல் அங்கேதான் இருக்கிறது. குன்றுக்குக் குன்று தாவிய சூனியக் கிழவியின் மடியிலிருந்து சிந்திய கற்களே இந்தக் குவியல்கள் என்பது ஊர்க்கதை.

கற்குவை மேல் ஏறாதீர்கள், கற்கள் சரிகின்றன. எதிரே தெரியும் மேற்குக் குன்று தனியார் நிலம். அனுமதி வாங்காமல் வேலி தாண்ட வேண்டாம்.